சும்மா குளிக்க வந்தவர்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பயண இலக்கியம் பற்றி இத்தொடரிலே பேசும்படி என்னைக் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். நான் உலகம் சுற்றியவன் அல்லன். ஏ. கே. செட்டியாரைப் போலக் கப்பலேறி நாடு நாடாகச் சென்று எழுதியவர்களைப் பற்றி இந்துக் கல்லூரி வகுப்பறையில் நின்று படிப்பிக்கின்றவன். என்னிடம் இருப்பது ஒரு சிறிய பயணந்தான். வெருகலில் இருந்து கன்னியா வரை, ஒரே மாவட்டத்துக்குள், இரண்டு இரவுகள். ஆனால் எமது பழைய ஆற்றுப்படை நூல்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு வழியிலே போய்ப் பயன் பெற்றவன், எதிரே வருகின்ற இன்னொருவனுக்கு அவ்வழியைச் சொல்வதே ஆற்றுப்படை. எவ்வளவு தூரம் போனாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. என்ன பெற்றாய் என்பதுதான் கேள்வி. அந்தத் துணிவிலே இன்று உங்கள் முன் வந்திருக்கின்றேன்.

2024 ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் என் மகன் வந்து, "அப்பா, இந்த லீவுக்குக் காம்பிங் போவம்" என்றான். விறாந்தையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் தாயாரின் காதில் பாதிச் சொல்தான் விழுந்தது.

"காம்புக்கோ? என்ன மனே, திரும்பவும் என்ன நடந்த?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊரவர்களுக்குக் கூடாரம் புதிதல்ல. மகாவலியின் கிளையாகிய வெருகலாற்றின் கரையிலே சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். ஆவணித் திருவிழாக் காலத்தில் அயலூர்களில் இருந்து வருகின்ற அடியார்கள் ஆற்றங்கரையிலும் மரநிழலிலும் சீலையும் கிடுகும் கட்டித் தங்குவார்கள். செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகின்ற பாதயாத்திரைக்காரரும் எங்கள் ஊரில் தங்கித்தான் போவார்கள். சிறு வயதில் எனக்குக் கூடாரம் என்றால் கச்சானும் கரும்பும் காவடியும்தான். 2006 ஆம் ஆண்டு அந்தச் சொல்லின் பொருள் மாறிப் போயிற்று. போர் வந்து ஊரே கிளம்பி வாகரை வழியாக மட்டக்களப்புப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே வெயிலில் கொதிக்கும் தறப்பாளின் கீழ் நாங்கள் கழித்த மாதங்கள் பல. அன்று முதல் என் தாயாருக்குக் 'காம்ப்' என்பது திருவிழாச் சொல் அல்ல. 'கூடாரத்தில படுத்த காலம் காணாதோ?' என்பது அவர் கேட்ட இரண்டாவது கேள்வி.

மூன்றாவது கேள்வி, "எங்க போறயள்?" என்பது. 'கன்னியாவுக்கு' என்றேன். அவர் வெற்றிலை உரலை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

கன்னியாவை அறியாத நேயர்களுக்காகச் சில வார்த்தைகள். கிண்ணியா வேறு, கன்னியா வேறு. கிண்ணியா குடாக்கரையிலுள்ள பட்டினம். கன்னியா, திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுர வீதியால் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் போய்த் திரும்பினால் வருகின்ற வெந்நீரூற்று. அங்கே ஏழு சிறு கிணறுகள் உண்டு. சதுரமாகக் கட்டப்பட்ட, ஆழம் குறைந்த கிணறுகள். அடித்தரை கண்ணுக்குத் தெரியும். ஏழிலும் வெப்பம் சற்றே வேறுபடும்; 40 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும். அடியிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்துகொண்டே இருக்கும். இறங்கிக் குளிக்க முடியாது. வாளியால் அள்ளி வார்க்க வேண்டும்.

தாய் இறந்தாள் என்று கேட்ட இராவணன், அவளுக்கு அந்திமக் கடன் செய்ய நீர் வேண்டி உடைவாளால் ஏழிடத்தில் நிலத்தைக் குத்தினான், ஏழு ஊற்றுகள் பிறந்தன என்பது திருகோணமலையின் தலபுராண மரபு. கீரிமலை யாழ்ப்பாணத்தவருக்கு எப்படியோ, கன்னியா எங்களுக்கு அப்படி. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போவோம். இன்று அந்த இடம் தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றது. அங்கிருந்த பிள்ளையார் ஆலயத்தின் நிலம் பற்றிய தகராறு 2019 இல் திருகோணமலை மேல் நீதிமன்றம் வரை சென்றதைப் பத்திரிகை வாசிப்பவர்கள் அறிவார்கள். ஓர் ஊற்று யாருடையது என்று வழக்காட வேண்டிய காலம் வந்ததே என்று கவலைப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் என் தாயாரின் தயக்கத்துக்குக் காரணம் அதுவல்ல.

1988 ஆம் ஆண்டு என் அப்பப்பா காலமானார். அப்பொழுது எனக்கு ஒன்பது வயது. மூதூர் வரை பஸ்ஸிலும், அங்கிருந்து லாஞ்சிலே கடலைக் கடந்து திருகோணமலைக்கும், பிறகு கன்னியாவுக்கும் குடும்பமாகப் போனோம். கிரியை முடிந்தபின் எங்களுக்கு நீர் வார்த்தவர் என் அண்ணன். அவருக்குப் பதினெட்டு வயது. ஒவ்வொரு கிணற்றிலும் அள்ளிய நீரை முதலில் தன் முழங்கையில் விட்டுப் பார்ப்பார்; பிறகு அம்மாவின் காலிலே ஊற்றுவார்; "சூடு காணுமோ அம்மா?" என்று கேட்டபின்புதான் தலையில் வார்ப்பார். எனக்கு வார்த்தபோது நான் கத்தினேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். துக்க வீட்டார் சிரிக்கலாமா என்று பெரியவர் ஒருவர் அதட்டியதும் நினைவிருக்கின்றது.

1990 ஆவணியில் ஒரு நாட்காலை, மூதூருக்கென்று சைக்கிளில் போன அண்ணன் திரும்பவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். கேட்க வேண்டிய இடங்களிலெல்லாம் கேட்டோம். எழுதிக் கொடுக்க வேண்டிய விண்ணப்பங்களையெல்லாம் நான்தான் எழுதினேன். என் தமிழ் எழுத்துப் பயிற்சியின் பெரும் பகுதி அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

2003 இல் தகப்பனார் மறைந்தபோது கன்னியாவில் அந்தியேட்டி செய்தோம். 'மூத்த மகனுக்கும் சேர்த்துச் செய்துவிடலாம். பன்னிரண்டு வருடம் கடந்துவிட்டால் தர்ப்பையிலே உருச்செய்து கடன் கழிக்கச் சாத்திரம் இடம் கொடுக்கிறது' என்று கிரியை செய்த ஐயா அன்போடு சொன்னார். அம்மா அன்று வரவே இல்லை. வீட்டிலிருந்தே சொல்லி அனுப்பியிருந்தார்: "அப்பாக்கு மட்டும் செய்ங்க. பன்ரெண்டு வருசக் கணக்கு ஐயாக்கு. எனக்கில்ல."

அதன் பிறகு அவர் கன்னியாவின் பெயரையே எடுத்ததில்லை. அங்கே போவதென்றால் யாருக்காகவோ போவது. யாருக்காக என்று கேட்டால் அவரிடம் இருந்த ஒரே பதிலை அவர் சொல்ல விரும்பவில்லை.

அவரைச் சம்மதிக்க வைத்தவள் என் மனைவி. "மாமி, நீங்க குளிக்க வேணாம். வானுக்குள்ளயே இருங்க. உங்களத் தனிய விட்டுட்டு ரெண்டு ராவு நாங்க எப்பிடி அங்க படுக்கிற?" என்றாள். பத்து வயது மகளும் அப்பம்மா வராவிட்டால் தானும் வரவில்லை என்று அழுது வைத்தாள். அம்மா புறப்பட்டார், ஆனால் மாற்றுச் சேலை எடுக்கவில்லை. குளிப்பதில்லை என்ற முடிவை அவர் அறிவித்த விதம் அது.

அரிசி, பருப்பு, தேங்காய், சட்டிபானை, இரவல் வாங்கிய சாரணர் கூடாரம் ஒன்று ஆகியவற்றோடு வான் புறப்பட்டது. முன்பெல்லாம் இவ்வீதியில் துறைக்குத் துறை 'பாதை'க்காகக் காத்து நிற்க வேண்டும். இளைய நேயர்களுக்குச் சொல்கின்றேன்: பாதை என்று நாங்கள் சொன்னது வீதியை அல்ல, வாகனங்களை ஏற்றி ஆறு கடத்துகின்ற மிதவையை. 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஏனைய துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. மூதூரைத் தாண்டும்போது அம்மா யன்னலோரம் திரும்பி, வீதியால் போகின்ற சைக்கிள்காரர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். எப்பொழுதும் அப்படித்தான் பார்ப்பார்.

கன்னியாவுக்கு அண்மையில் நண்பர் ஒருவரின் மாந்தோப்பில் கூடாரம் அடித்தோம். இரவு மூன்று கல் வைத்துச் சோறாக்கிச் சாப்பிட்டபின் பாயை விரித்து இருந்தோம். "நாளைக்குத் தண்ணி மேல பாயுமா அப்பா?" என்று மகள் கேட்டாள். தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள்.

இல்லை என்றேன். அப்படிப் பீறிட்டெழுவதை ஆங்கிலத்தில் 'கீசர்' என்பார்கள். குளியலறையில் நீர் சூடாக்கும் கருவிக்கும் அதே பெயர்தான். ஐஸ்லாந்து நாட்டில் 'கெய்சிர்' என்றொரு ஊற்று இருக்கிறது. சொல் அங்கிருந்து வந்தது. அமெரிக்காவிலே 1872 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட யெலோஸ்ரோனில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கீசர்கள் உண்டு. உலகில் உள்ளவற்றில் ஏறத்தாழப் பாதி. அங்கே நிலத்தின் கீழே எரிமலைச் சூடு கிடக்கின்றது. நீர் ஏறி வருகின்ற குழாயோ ஒடுக்கமானது. மேலே நிற்கும் நீரின் பாரம் அழுத்துவதால் கீழே உள்ள நீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்க மாட்டாமல் அடங்கிக் கிடக்கும். ஒரு கட்டத்தில் கொஞ்ச நீர் மேலே வழிந்து பாரம் குறைந்ததும் அடியில் இருப்பது முழுவதும் ஒரே கணத்தில் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியே பாயும். பிறகு ஓயும். மீண்டும் நீர் நிரம்ப வேண்டும், மீண்டும் சூடேற வேண்டும்.

மகன் இடையிலே புகுந்தான். "அங்க ஒண்டுக்கு 'ஓல்ட் பெய்த்புல்' எண்டு பேர், அப்பம்மா. கிட்டத்தட்ட ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா வரும். அடுத்தது எத்தின மணிக்கு எண்டு முதலே எழுதிப் போடுவாங்களாம். ஆக்கள் சுத்திவர வாங்கில இருந்து பாத்துக்கொண்டு இருப்பாங்களாம்."

அம்மா அதுவரை ஒன்றும் பேசவில்லை. இப்பொழுது கேட்டார்: "வாற நேரம் எழுதிப் போடுவாங்களோ?"

"ஓம் அப்பம்மா."

"குடுத்து வைச்ச சனம்" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அன்றிரவு யாரும் அதிகம் பேசவில்லை.

விடியற் காலையிலே கிணற்றடிக்குப் போனோம். சித்திரை மாதத்தில் சுடுதண்ணீரில் குளிப்பதென்றால் வெயிலுக்கு முன் போய்விட வேண்டும். அம்மா சொன்னபடி வானுக்குள்ளே இருந்தார். சிறிது நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். இறங்கி வந்து கிணற்றுக் கட்டருகே நின்றுகொண்டிருந்தார். குமிழி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் தனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தை அவருக்கு விளக்கினான். இலங்கையில் எரிமலை இல்லை. ஆகையால் இங்கே சூடு வேறு வழியாக வருகின்றது. பெய்த மழை பாறை வெடிப்புகளின் வழியாக ஆழத்துக்கு இறங்குகின்றது. ஒரு கிலோமீற்றர் ஆழம் போனால் ஏறத்தாழ 25 பாகை முதல் 30 பாகை வரை சூடு கூடும். அப்படிச் சூடேறிய நீர் வேறொரு வெடிப்பின் வழியாக மேலே ஏறுகின்றது. மகாஓயாவிலும் இப்படியான ஊற்றுகள் உண்டு. அவை கன்னியாவைவிட அதிகம் சுடும். வழியிலே அடைப்பில்லாதபடியால் எங்கள் ஊற்றுகள் சீறுவதில்லை, வந்துகொண்டே இருக்கும்.

"அப்ப இது பழைய மழையோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அப்பம்மா. எப்பவோ பெஞ்ச மழை."

"கீழ போன தண்ணியெல்லாம் திரும்பி வருமோ?"

மகன் உண்மையானவன். "எல்லாம் எண்டு சொல்லேலாது, அப்பம்மா" என்றான்.

அம்மா தலையசைத்தார். அந்த நேரத்தில், இது ஒன்றும் அறியாத மகள், கையில் இருந்த சின்ன வாளியால் அப்பம்மாவின் காலில் நீரை ஊற்றினாள். "சுடுதா அப்பம்மா?" என்று கேட்டாள். அம்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை. "காணும் புள்ள. இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். பிறகு வாளியைத் தானே வாங்கி, உடுத்த சேலையோடு தலையில் வார்த்துக்கொண்டார். ஒவ்வொரு கிணறாக ஏழையும் முடித்தார். என் மனைவி ஓடிப்போய் வானிலிருந்து மாற்றுச் சேலை ஒன்றை எடுத்து வந்தாள். மாமிக்குத் தெரியாமல் அவள் முன்பே எடுத்து வைத்திருந்தாள்.

அப்பொழுது ஒரு குடும்பம் அங்கே வந்தது. மொட்டையடித்த இளைஞன் ஒருவன். வெள்ளைச் சேலை உடுத்த பெண். கூட ஒரு மூதாட்டி. முப்பத்தோராம் நாள் கடமைக்கு வந்தவர்கள் என்பது பார்த்தவுடன் விளங்கிற்று. மூதாட்டி நனைந்து நின்ற என் தாயாரைக் கண்டதும், அந்த இடத்திலே எவரும் எவரிடமும் வழமையாகக் கேட்கின்ற கேள்வியைக் கேட்டார்.

"நீங்க ஆருக்குக்கா?"

நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். இருபது வருடங்களுக்கு மேலாக அம்மா இந்த ஊரின் பெயரையே சொல்லாமல் இருந்தது இந்தக் கேள்விக்காகத்தான்.

அம்மா தலையைத் துவட்டியபடியே சொன்னார்: "ஒருத்தருக்கும் இல்லகா. நாங்க சும்மா குளிக்க வந்த."

மூதாட்டி அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்லம். சின்னஞ்சிறுசுகளோட வந்திருக்கிறயள்" என்றார். அம்மா அவருக்கு எங்கள் வாளியைக் கொடுத்தார்.

வானுக்குத் திரும்பி நடக்கும்போது அம்மா என்னிடம் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். "கொண்ணனுக்குச் சுடுதண்ணி பிடிக்கும்."

நேயர்களே, நான் தமிழ் படிப்பிக்கின்றவன். அந்த வாக்கியத்தை வகுப்பறையில் கேட்டிருந்தால் இலக்கணம் சொல்லிக் கடந்திருப்பேன். 'பிடிக்கும்' என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று. நிகழ்காலத்துக்கும் வரும், எதிர்காலத்துக்கும் வரும், இறந்தகாலத்துக்கு வராது. முப்பத்துநான்கு வருடங்களாக என் தாயார் அண்ணனைப் பற்றிப் பேசுகையில் 'பிடித்தது' என்றோ 'இருந்தான்' என்றோ ஒருநாளும் சொன்னதில்லை என்பது எனக்கு அப்பொழுதுதான் உறைத்தது. பாடசாலையை எட்டாம் வகுப்போடு விட்டவர் அவர். எந்தக் காலத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதை மட்டும் பிழையின்றித் தெரிந்து வைத்திருந்தார். இறத்தல் என்றால் கடத்தல் என்பதுதான் பழந்தமிழில் முதற்பொருள். கடந்து போகாத ஒன்றுக்கு அவர் எப்படி இறந்தகாலம் போடுவார்?

இப்படியான தாய்மாருக்குச் சட்டம்கூடத் தாமதித்துத்தான் ஒரு வழி கண்டது. 2016 இல் இலங்கையில் மரணப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டபின், காணாமற்போனவர் இறந்தார் என்று எழுதாமல், அவர் காணப்படவில்லை என்று மட்டும் அத்தாட்சிப்படுத்துகின்ற சான்றிதழ் ஒன்றைப் பெற முடிகின்றது. உண்டு, இல்லை என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருப்பதைக் கடதாசி ஒப்புக்கொண்டது. எங்கள் ஊர் வழக்கங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்று திருவிழா, அல்லது அந்தியேட்டி. காத்திருப்பவள் போய் நிற்பதற்கு இடம் ஏது? அந்தக் காலை என் தாயார் அதைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். 'சும்மா குளிக்க வந்த' என்ற மூன்று சொற்களால்.

நான் பிள்ளைகளுக்குக் கீசர் பற்றிச் சொன்னபோது, துக்கமும் அப்படித்தான் ஒருநாள் பீறிட வேண்டும், பீறிட்டால்தான் ஓயும் என்று மனத்துள் நினைத்திருந்தேன். அம்மா கன்னியாவிலே அழுது தீர்ப்பார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர் அழவில்லை. அவருடைய சூடு அடைபட்டுக் கிடக்கின்ற சூடு அல்ல என்பதை மகன்தான் எனக்கு விளங்க வைத்தான். அது ஓயவும் மாட்டாது, சீறவும் மாட்டாது. ஒரே அளவில் வந்துகொண்டே இருக்கும். அதிலே ஒருவர் கால் நனைக்கலாம், பேரப்பிள்ளைகள் விளையாடலாம்.

'சுடுதண்ணீர்' என்ற சொல்லைப் பிழை என்று மாணவர்களுக்குத் திருத்துவது என் வழக்கம். தண்மையான நீர்தான் தண்ணீர்; அது எப்படிச் சுடும், வெந்நீர் என்று எழுதுங்கள் என்பேன். இப்பொழுது திருத்துவதில்லை. இரண்டும் ஒன்றாய் இருக்கின்ற நீரை நான் பார்த்துவிட்டேன்.

மறுநாள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். மூதூரில் அம்மா வழமைபோல் சைக்கிள்காரர்களைப் பார்த்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற பேரனிடம், "அடுத்த லீவுக்கும் காம்பிங் போவம் மனே" என்றார்.

ஆகவே, இதோ என் ஆற்றுப்படை. திருகோணமலைப் பக்கம் போகின்றவர்களே, கன்னியாவுக்குப் போக ஒருவர் இறக்கும்வரை காத்திருக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, முடிந்தால் தாயாரையும் கூட்டிக்கொண்டு, விடியற் காலையிலே போங்கள். முதலில் அவர்களுடைய காலிலே ஊற்றுங்கள். யாருக்காக வந்தீர்கள் என்று எவராவது கேட்டால், சும்மா குளிக்க வந்தோம் என்று சொல்லுங்கள்.